ஓய்வு பெற்றபின் எங்கே குடியிருப்போம்?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசாத சங்கக் கூட்டம் கிடையாது. இன்று நாம் பேச வந்தது சம்பளம் நின்ற பிறகு வரும் நாட்களைப் பற்றி.

செக்ரோலில் பெயர் இருக்கும் வரையில்தான் லயத்தில் வீடு. பெயர் போனால் வீடும் போகும். பால் வெட்டுகிறவருக்கும், செக்ரோல் எழுதுகிற கிராணிக்கும் இது ஒன்றுதான். நாற்பது வருஷம் குடியிருந்தோம் என்பதால் ஒரு பலகைகூட நமக்குச் சொந்தமாகிவிடுவதில்லை.

முன்னாளில் இந்தக் கேள்விக்கு நம் பாட்டன்மாரிடம் ஒரு பதில் இருந்தது. வயதானால் கப்பலேறி ஊருக்குப் போய்விடலாம் என்றார்கள். பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் 'ரஜூலா' ஓடியது. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோதும் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். இன்று அந்தக் கப்பலும் இல்லை. அந்த ஊரில் நமக்கு வீடும் இல்லை. நமக்கு ஊர் மலேசியாதான்.

அப்படியானால் இந்த நாட்டில் எங்கே? தோட்டத்தைவிட்டுப் போனவர்கள் மூன்று வழியாகப் போயிருக்கிறார்கள்.

சிலர் பிள்ளைகளோடு கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் போனார்கள். அங்கே பிழைப்பு உண்டு; பெரியவர்களுக்குப் பேச்சுத்துணைதான் இல்லை.

சிலர் அடுக்குமாடிக்குப் போனார்கள். 1990-களில் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த மண்ணில் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த குடும்பங்கள் பல டெங்கில் பக்கத்து மாடிவீடுகளில் குடியேறின. லயத்தில் மாடு வளர்த்தோம், கீரை போட்டோம். மின்தூக்கி இல்லாத மாடியிலே மாட்டை எங்கே கட்டுவது? முழங்கால் வலிக்காரர் நாலு மாடி எப்படி ஏறுவது?

இன்னும் சிலர் சுங்கை சிப்புட், சுங்கை பட்டாணி போன்ற பட்டணங்களின் ஓரத்தில், பழைய தோட்டத்துக்குப் பக்கத்துத் தாமானிலேயே வீடு வாங்கினார்கள். அதே மாரியம்மன் கோயில், அதே மளிகைக் கடை, நல்லது கெட்டதுக்கு அதே சனம். வயதானவர்களுக்கு இதுவும் ஒரு சொத்துதான்.

மூன்றில் எது நல்லது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நாம் தேர்ந்தெடுத்துப் போகிறோமா, பிறர் தள்ளிவிட்ட இடத்துக்குப் போகிறோமா என்பதே கேள்வி.

1951-இல் வந்தது சேமநிதிச் சட்டம். அந்தப் பணத்தை 55 வயதில் எடுக்கலாம். 2013 ஜூலை முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. நடுவிலே ஐந்து வருஷம் இருக்கிறது. பணம் 55-இல் கைக்கு வருகிறது. வீட்டைத் தேடுவதோ 60-இல். அதற்குள் மகள் கலியாணம், மகன் மோட்டார் என்று பணம் கரைந்துவிடுகிறது. லயத்தைக் காலி செய் என்று கடிதம் வரும்போது கை வெறுங்கை!

வீடு வாங்க வேண்டுமானால் 55 வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. சேமநிதியில் அதற்கென்று முன்பே எடுக்க வழி உண்டு. ஆகவே ஐம்பது வயதுக்கு முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? பஸ் உண்டா? படி எத்தனை? பட்டா யார் பேரில்? இவற்றைக் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

தனியாக முடியாததைக் கூடிச் செய்யலாம். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960-இல், சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் கொடுத்த சிறு சிறு பணம் சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. தோட்டத்தையே வாங்கிய கூட்டத்துக்கு வீட்டு நிலம் வாங்கவா முடியாது?

ஆகவே தோழர்களே, நிர்வாகத்தோடு அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே சொந்த வீட்டுத் திட்டத்தையும் எழுதி வைப்போம். உழைத்த மண்ணுக்கு அருகே ஒரு வீடு என்பது பிச்சையல்ல, நம் உரிமை!