நெரிசலில் கொதிக்கும் எஞ்சின்



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேச என்னிலும் தகுதியுடையோர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றனர். நான் அறிந்தது மோட்டார்த் தொழில். ஆகவே, அடிவாரத்து மக்களாகிய நாம் கோடைதோறும் காணும் ஒரு காட்சியையே இன்று பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

மே மாதம் வந்துவிட்டால் ஏற்காட்டுச் சாலையில் வண்டிகள் எறும்பு வரிசையாகிவிடுகின்றன. சேலத்திலிருந்து அடிவாரம் வரையில் சூடுகாட்டும் முள் அசையாமல் வந்த கார், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு மூன்றைக் கடப்பதற்குள் பானட்டைத் திறந்துகொண்டு, ஆவி பறக்க, ஓரத்தில் நின்றுவிடுகிறது. உடனே கூட்டம் கூடுகிறது. ஒருவர் தண்ணீர் ஊற்று என்கிறார். ஒருவர் ரேடியேட்டரை மாற்று என்கிறார். இன்னொருவர் ஹெட்டே போய்விட்டது என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார். "வண்டி எப்போது சூடேறியது?" என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும் என்பதே நான் சொல்ல வந்தது.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அந்த வெப்பத்தை ரேடியேட்டருக்குச் சுமந்து வருவது தண்ணீரின் வேலை. அங்கிருந்து வெளியே கொண்டுபோவது காற்றின் வேலை. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குக் காற்று இனாமாகக் கிடைக்கிறது. ஊர்ந்து செல்லும் வண்டிக்கோ விசிறி ஒன்றே துணை. எனவே, வேகத்தில் குளிர்ந்தும் நெரிசலில் கொதித்தும் வருகிற வண்டியில் முதலில் ஐயுற வேண்டியது விசிறியை. வேகமாக ஓடும்போதே கொதிக்கிற வண்டியில் தண்ணீர்ப் பக்கத்தைப் பாருங்கள்: உப்புப் படிந்து அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மாஸ்டாட், தேய்ந்த தண்ணீர்ப் பம்பு, உறிஞ்சி ஒட்டிப்போன ரப்பர்க் குழாய்.

ஆனால் நம் மலைப்பாதை இவ்விரண்டையும் கலந்துவிடுகிறது. ஏற்றத்தினால் பாரம் மிகுதி. நெரிசலினால் காற்றும் குறைவு. மலைமேல் கொதித்தது என்ற செய்தி மட்டும் நோயைப் பிரித்துக் காட்டாது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ரேடியேட்டரில் தண்ணீர் நிறைந்திருப்பதை உறுதிசெய்து, எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். நின்ற நிலையிலேயே முள் ஏறுமானால் குற்றம் பெரும்பாலும் காற்றின் பக்கம். நின்றபோது அடங்கியிருந்து, நெரிசலில்லா ஏற்றத்தில் மட்டும் ஏறுமானால் தண்ணீரின் பக்கம்.

அம்பாசடர் காலத்தில் விசிறியை எஞ்சினே பெல்ட்டினால் சுழற்றியது. பெல்ட் தளர்ந்துள்ளதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் விசிறியின் கதை தெரிந்துவிடும். 1983-இல் மாருதி 800 வந்தபின் மின்விசிறி நம் பக்கத்துக் கார்களில் பரவியது. அதனால் நோயும் மின்சாரத்திற்குள் புகுந்துகொண்டது. முள் நடுவைச் சற்றுத் தாண்டும்போது விசிறி தானே சுழலத் தொடங்க வேண்டும். ஏ.சி. உள்ள பெரும்பாலான வண்டிகளில் ஏ.சி.யைப் போட்டாலே சுழலும். சுழலவில்லையானால் முதலில் பியூஸ், அடுத்து ரிலே, அடுத்து இணைப்பு. பிறகு விசிறி மோட்டாருக்கு பாட்டரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சுழன்றால் மோட்டார் நலம். குற்றம் அதை ஏவுகின்ற உணரியிலோ ஒயரிலோ இருக்கிறது.

சுழல்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறி அமைந்த வண்டியில், முன்புறக் கிராதியில் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். அது ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் எவரோ ஒயரை மாற்றிக் கொடுத்து விசிறியைத் தலைகீழாகச் சுழற்றுகிறார். ஒட்டாமல் தொங்கினால் மோட்டார் சோர்ந்திருக்கலாம், விசிறியைச் சுற்றியுள்ள கூடு உடைந்திருக்கலாம், ஏ.சி.யின் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தூசியும் பூச்சியும் மெத்தையாக அடைத்திருக்கலாம். அதை எஞ்சின் பக்கத்திலிருந்து மெல்லிய நீர்வீச்சால் கழுவ வேண்டும். எஞ்சினை நிறுத்திய பின்னும் சில வண்டிகளில் விசிறி திடீரென்று சுழலும், விரல் பத்திரம்.

ரேடியேட்டர் மூடியை நம்மவர் வெறும் மூடி என்றே எண்ணுகின்றனர். சேலத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரி செல்சியசில் கொதிக்கும். 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் 95-ஐ ஒட்டியே கொதித்துவிடும். மூடியின் வில் அழுத்தம் கொடுத்து அந்தக் கொதிநிலையை 120 டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது. வில் தளர்ந்த மூடி சமவெளியில் பிழைத்துக்கொள்ளும், மலையில் காட்டிக்கொடுத்துவிடும். அழுத்தம் அடங்காத மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். அரைமணி நேரமாவது காத்திருங்கள். வற்றிக் கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கவும் கூடும். தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிவதே வைத்தியம் என்று நினைக்கும் வழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. அது எனக்கு உடன்பாடன்று.

கடன் வாங்கி வாடகைக்கார் ஓட்டுகிற நம் தெருத் தம்பி ஒருவரின் வண்டி, சீசன் நாளில் இப்படி நின்றது. ஒரு பட்டறையில் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று பெருந்தொகை கேட்டனர். ரேடியேட்டரில் இடைவிடாத குமிழி, புகைக்குழாயில் ஓயாத வெண்புகை, ஆயிலில் பால் கலந்த நிறம் என்ற ஹெட் கேஸ்கட் அடையாளம் ஒன்றும் அங்கே இல்லை. எரிந்திருந்தது விசிறியின் பியூஸ். அதன் விலை சில ரூபாய். அது எரிந்த காரணம், உராய்ந்து தோல் உரிந்த ஓர் ஒயர். அதையும் சரிசெய்த பிறகே வண்டி மலையேறியது. அந்தப் பட்டறை சொன்னபடி செய்திருந்தால் அவருக்குச் சீசனும் போயிருக்கும், தவணையும் நின்றிருக்கும்.

நம் பிள்ளைகள் பலர் பட்டறைகளில் ஆண்டுக்கணக்காக ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவராகவே நிறுத்தப்பட்டனர். கழற்றவும் பூட்டவும் கற்றனர். ஏன் கழற்றுகிறோம் என்பதை அவர்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரப்போகும் தம்பிமாரும் தங்கைமாரும் சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு வையுங்கள். வண்டி எப்போது சூடேறியது, எதைச் சோதித்தோம், என்ன கண்டோம் என்று ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று வரி எழுதுங்கள்.

கூட்டம் முடிந்ததும் வாயிலில் ஒரு காரை நிறுத்தி எஞ்சினை ஓடவிடப்போகிறேன். பெரியோர் உட்பட விரும்பியவர் ஆளுக்கொரு காகிதத்துடன் வாருங்கள்.