பல்லை எடுப்பதற்கு முன்

பல்நோவு பொறுக்கமாட்டாமல் இரவெல்லாம் கிராம்பைக் கடித்துக்கொண்டிருந்தவர், பொழுது விடிந்ததும் வைத்தியரிடம் ஓடி, "பிடுங்கிவிடுங்கள்" என்று மன்றாடுவது சகஜமே. ஆயினும், நோவு ஒன்றே ஒரு பல்லை நீக்குவதற்குப் போதிய காரணமாகிவிடாது. சொத்தை உள்ளே ஆழ்ந்து சென்று நரம்பைத் தாக்கியிருந்தாலும், வேர் திடமாக நின்று, மேற்பகுதியும் ஓரளவு எஞ்சியிருக்குமாயின், வேர் சிகிச்சை செய்து, உறையிட்டு, அந்தப் பல்லைப் பல வருஷங்கள் காப்பாற்றிவிடலாம். வேர் நெடுக்கே பிளந்துவிட்டாலோ, ஈறுநோயினால் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கி, மெல்லுவதற்கும் உதவாமற்போனாலோ, ஞானப்பல் குறுக்கே கிடந்து அடிக்கடி வீங்கிச் சீழ் வைத்தாலோ, அப்போது எடுப்பதே உசிதம்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். சுமார் 6 வயசில், பால்பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முளைக்கும் கடைவாய்ப்பல் நிரந்தரமானது. அதையும் பால்பல்லென்று எண்ணி, சொத்தை விழுந்தபோது அலட்சியமாக விட்டு, பின்பு பிடுங்க நேர்ந்தால், அவ்விடத்தில் வேறொன்று முளைப்பதில்லை என்பதோடு, பக்கத்துப் பற்களும் அந்த இடைவெளியை நோக்கிச் சாயத் தொடங்குகின்றன. தடுத்திருக்கக்கூடிய இந்த நஷ்டமே என் மனத்தை மிகவும் வருத்துவது.

எடுக்கத்தான் வேண்டுமென்று முடிவானால், நீரிழிவு உண்டென்பதையும், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்தையும் முன்கூட்டியே வைத்தியரிடம் தெரிவித்துவிட வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. பிடுங்கிய குழியில் உறையும் இரத்தமே புண்ணை மூடிக் காக்கும் கவசமாதலால், அன்று முழுவதும் வேகமாகக் கொப்பளிப்பதும், புகை பிடிப்பதும், குழலிட்டு உறிஞ்சிக் குடிப்பதும் கூடா.