செகாவின் கடிதங்கள்: எழுதியவரும் பெற்றவர்களும்



ஓர் ஆசிரியருடைய கடிதங்களைப் படிக்கப் புகுவோர், நூல்களில் மறைந்து நின்றவர் இங்கே வேடம் களைந்து வெளிப்படுவார் என்று எதிர்பார்த்தல் இயல்பு. ஆயினும், ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவின் கடிதங்களுள் நமக்குக் கிடைத்துள்ள நாலாயிரத்துக்கு மேற்பட்டவற்றைப் பயில்வோர்க்கு, அவர் ஒவ்வொருவர் முன்னும் ஒவ்வொரு முகத்தோடு நின்றார் என்பதும், அம்முகங்களுள் எதுவும் பொய்யன்று என்பதும் மெல்லப் புலனாகும்.

1876-இல், தகன்ரோக் நகரில் மளிகைக்கடை நடத்திய தந்தை கடன் தாளாது மாஸ்கோவுக்கு ஓடிவிட, குடும்பமும் அவரைப் பின்தொடர்ந்து செல்ல, பதினாறு வயதுச் செகாவ் மட்டும் படிப்பை முடிக்கும் பொருட்டுத் தனியே தங்கினார். பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லி ஈட்டியதில் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பினார். அந்நாளில் அவர் பரிகாசம் நிறைத்து எழுதிய கடிதங்களைக் கண்ட அன்னை, ரொட்டிக்குக் காசில்லாத வேளையில் வேடிக்கை வந்து சேர்கிறதே என்று மனம் நொந்து எழுதினாள். அப்பரிகாசம், தம் துன்பத்தை வீட்டார் அறியாதவாறு மூடிய திரை என்றே நான் கொள்கிறேன்.

1886-இல் மூத்தோர்க்கு அவர் எழுதிய இரு கடிதங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் தகும். முதிய எழுத்தாளர் கிரிகரோவிச் அவரது திறமையை மெச்சி, அதனை வீணாக்காதிருக்குமாறு எழுதியபோது, எந்தக் கதைக்கும் ஒருநாளுக்குமேல் செலவிட்டதில்லை என்று மாணாக்கன்போல் தலைகுனிந்து விடையளித்தார். அதே மாதத்தில், ஓவியம் வல்லவராயினும் குடியில் தேய்ந்துகொண்டிருந்த அண்ணன் நிகலாய்க்கு எழுதுகையிலோ, பண்பட்ட மனிதனுக்குரிய இலக்கணங்களை எண்ணிட்டு அடுக்கி, பிறரை மதித்தல், கடனைத் திருப்பித் தருதல், பொய்க்கு அஞ்சுதல் என்று ஆசானாகவே பேசினார். தம்பி அண்ணனுக்கு உபதேசம் செய்வது நம் வீடுகளில் எளிதில் பொறுக்கப்படுவதன்று. அவ்வுபதேசம் பலித்ததாகவும் சொல்வதற்கில்லை. 1889-இல் காசநோய் நிகலாயைக் கொண்டுபோயிற்று.

1890-இல் சைபீரியா வழியே, தண்டனைக் கைதிகளின் இடமான சகலின் தீவுக்குப் புறப்படும் முன் செகாவ், நண்பரும் பதிப்பாளருமான சுவோரினுக்கு, சிறைகளில் இலட்சோபலட்சம் மக்களை மடிய விட்ட குற்றம் நம் யாவருடையது என்று கனல்தெறிக்க எழுதினார். பிரயாணத்தின்போது வீட்டாருக்கு எழுதியவையோ முற்றிலும் வேறு: த்யுமேன் நகரில் வாங்கிய தொத்திறைச்சியின் நாற்றம், இரவில் தபால்வண்டி மோதித் தாம் தரையில் எறியப்பட்ட சமாசாரம், ஆற்றுவெள்ளம், குளிர், தேநீர். மாண்டிருக்கக்கூடிய விபத்தையும் வேடிக்கைபோல் விவரித்தவர், தாயும் தங்கையும் சேர்ந்து படிப்பார்கள் என்பதை ஒருகணமும் மறந்தாரில்லை. திரும்புகையில் இலங்கையில் கொழும்பிலும் கண்டியிலும் தங்கி, கீரிப்பிள்ளைகளை வாங்கிச் சென்ற அவர், மாஸ்கோவிலிருந்து சுவோரினுக்கு எழுதியபோது அத்தீவைச் சுவர்க்கம் என்று புகழ்ந்தார்.

அந்தச் சுவோரினோடு கொண்ட நட்பு, பிரான்சு நாட்டில் இராணுவ அதிகாரி திரைஃபஸின் தேசத்துரோக வழக்குப் பெரும் பூசலாக மூண்ட 1898-இல் தளர்ந்தது; அந்நிரபராதிக்காக வாதாடிய எழுத்தாளர் சோலாவின் பக்கம் செகாவ் நிற்க, சுவோரினின் பத்திரிகை எதிர்ப்பக்கம் நின்றது. செகாவ் இறந்தபின் சுவோரின் தாம் எழுதிய கடிதங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்; அவை பிறகு கிடைத்தில. ஆதலின் அந்நீண்ட சம்பாஷணையில் நாம் ஒரு குரலையே கேட்கிறோம். சுவோரினைத் தூற்றும் விமரிசகர்கள் இதனைக் கருத்தில் கொள்வது அரிது. அவர் எழுதியது இன்னதென்று அறியாது அவர்மீது தீர்ப்புரைப்பது நியாயமாகாது.

நோய் முற்றிய 1904-இல், ஜெர்மனியின் பாடன்வைலரிலிருந்து, உடல் தேறி வருவதாகவே வீட்டாருக்கு எழுதி வந்தார் செகாவ். தங்கை மரீயாவுக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில் மூச்சுத்திணறலையும் வெயிலையும் சொல்லிவிட்டு, ஜெர்மானியப் பெண்களின் உடையலங்காரத்தில் ரசனையே இல்லை என்று குறைகூறவும் அவருக்கு மனம் இருந்தது.

அத்தங்கையே 1912 முதல் 1916 வரை கடிதங்களை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். யால்தாவில் செகாவ் வாழ்ந்த வீட்டை நினைவகமாகக் காத்து 1957-இல் மறைந்தார். அந்தரங்கமென்று தமக்குத் தோன்றியவற்றை அவர் நீக்கியதைக் குறைகூறுவோர் உளர். நான் அவர்களோடு சேரேன். செகாவின் கதைகளை மட்டுமே அறிந்த அன்பர்கள், 1890-இன் பிரயாணக் கடிதங்களை முதலில் படிக்குமாறு வேண்டுகிறேன்.