ஸ்பீக்கரை எங்கே அணைப்பது?

(சுற்றுலாவுக்கு முன் நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)

ஜவ்வாது மலைக்குக் கிளம்புகிறோம். பீமன் அருவி, காவலூர் தொலைநோக்கி, கூடவே புளூடூத் ஸ்பீக்கரும் பட்டியலில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

இந்த மலையில் பிறக்கும் செய்யாறு, பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாமில் சேயாறாக ஓடுகிறது. செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்லும் பாட்டு, 583 அடி. நன்னனின் நவிர மலையைப் பக்கத்துப் பருவதமலை என்பார்கள்.

வழி சொல்கிறவர் நடுவில் மலையின் சத்தங்களை அடுக்குகிறார். தினை குற்றும் பெண்களின் பாட்டு. நாட்டுக் காளையும் காட்டுக் காளையும் மோத, பார்ப்பவர்களின் கூச்சல். புலி பாய்ந்த கணவனின் புண் ஆற மனைவி பாடும் பாட்டு. எனக்கு அதுதான் மறப்பதில்லை. எல்லாம் சேர்ந்து மதயானையின் முழக்கம் போல் இருக்கிறதாம். பாட்டின் பெயரே அதுதான்.

அந்தக் கூத்தர்களும் வாத்தியம் சுமந்து போனவர்கள்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் கடவுள் உறையும் இடங்களில் கும்பிட்டுவிட்டு நடங்கள், வீணாக வாத்தியத்தைத் தொடாதீர்கள் என்கிறார் புலவர். மழை பிடித்துக்கொள்ளும் மலை என்று காரணமும் சொல்கிறார்!

மலையடிவாரம் வரை பாட்டு ஓடட்டும், நானும் சேர்ந்து பாடுகிறேன். ஏறத் தொடங்கியதும் தயவுசெய்து அணைத்துவிடுங்கள்.