மூன்று முழ மின்வடம்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற ஒருவன், மூன்று முழக் கம்பியிடம் ஏமாந்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

என் தம்பி மகனுக்குச் சங்கீதத்தில் அளவிறந்த பற்று. சம்பாத்தியத்தில் ஒரு பகுதியை ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டுக் கருவி, ஒலிபெருக்கிகள் என்று வீட்டில் சேர்த்து வைத்திருக்கிறான். சென்ற தை மாதம் ஒருநாள் என்னை அழைத்து, “பெரியப்பா, இதைக் கேட்டுச் சொல்லுங்கள்” என்றான். ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் கொண்டுவரும் சாதாரண வடத்தை நீக்கிவிட்டு, கட்டைவிரல் பருமனில், பின்னல் உறை போட்ட புதிய வடம் ஒன்றைப் பொருத்தியிருந்தான். விலை நாற்பதாயிரம் ரூபாய். எம். டி. இராமநாதன் பாடிய இசைத்தட்டு ஒன்றை வைத்தான். அந்தக் கனத்த குரல் முன்னிலும் கம்பீரமாக எழுந்தது. தம்பூராவின் சுருதி தனியே பிரிந்து கேட்டது. “வேறுபாடு இருக்கிறதப்பா” என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லை நம்பி, இசைத்தட்டுக் கருவிக்கும் அதுபோன்ற வடம் வாங்க மறுநாளே அவன் முன்பணம் கட்டிவிட்டான்.

செய்தி கேட்டதும் எனக்கு உறக்கம் போயிற்று. வகுப்பில் பன்முறை போட்ட கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன்.

நம் வீட்டிற்கு வருவது 230 வோல்ட் அழுத்தமும் நொடிக்கு 50 சுழற்சியும் கொண்ட மாறுதிசை மின்சாரம். அது பாட்டைச் சுமந்து வருவதில்லை. ஆம்ப்ளிஃபையருக்குள் மின்மாற்றி அதன் அழுத்தத்தை மாற்றுகிறது. டயோடுகள் அதனை ஒரே திசையில் செலுத்துகின்றன. பெரிய மின்தேக்கிகள், ஆற்று வெள்ளத்தை ஏரி வாங்கிக்கொண்டு மதகு வழியே சீராக விடுவதுபோல, ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்கின்றன. இங்ஙனம் பக்குவப்பட்ட மின்சாரத்தைக் கொண்டே பாட்டின் ஒலி பெருக்கப்படுகிறது. 1.5 மீட்டர் நீளமும் 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உடைய சாதாரணச் செப்புக் கம்பிக்கு, போகவர இரண்டு கம்பிகளையும் சேர்த்து, மின்தடை ஏறத்தாழ 0.035 ஓம். 100 வாட் இழுக்கும் கருவிக்கு அதில் குறையும் அழுத்தம் 0.02 வோல்ட்டுக்கும் கீழே. அடுத்த வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கினாலே இதனைவிடப் பன்மடங்கு குறையுமே! தெருக்கம்பத்துக் கம்பியையும் சுவருக்குள் ஓடும் கம்பியையும் விட்டுவிட்டுக் கடைசி மூன்று முழத்தைப் பொன்னால் செய்தாலும் என்ன?

வடத்தால் ஒரு கேடும் வராது என்று சொல்லவில்லை. முனை தளர்ந்த வடம் கரகரப்பை உண்டாக்கும்; எர்த் இணைப்பில் கோளாறு நேர்ந்தால் இடையறாத ரீங்காரம் கேட்கும். ஆனால் அவை பழுதுகள். அவற்றைப் போக்கச் சில நூறு ரூபாயே போதும்.

அப்படியாயின் நான் கேட்டது யாது? ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் சொல்லிவந்த கதை ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. 1903இல் பிரான்சு நாட்டு நான்சி நகரில் பிளாந்லோ என்ற பௌதிகப் பேராசிரியர், ‘என்-கதிர்கள்’ என்ற புதிய கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். தாமும் கண்டோம் என்றனர் வேறு பலர். 1904இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் உட் அங்கே சென்றார். கதிர்களைப் பிரித்துக் காட்டும் அலுமினியப் பட்டகத்தை இருட்டறையில் யாரும் அறியாமல் எடுத்துவிட்டார். பட்டகம் இல்லாத நிலையிலும் பிளாந்லோ முன்போலவே அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்! அவர் பொய்யர் அல்லர். காண விரும்பியதைக் கண்டார். இதைச் சொல்லி வகுப்பில் எத்தனை முறை நகைத்திருப்பேன்!

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியிடம் இதனைச் சொன்னேன். “அப்படியானால் உங்களையும் இருட்டறையில் உட்கார வைக்கலாமா, தாத்தா?” என்றாள். மறுநாள் தம்பி மகன் வீட்டில் ஆம்ப்ளிஃபையரைத் திரையால் மறைத்தோம். அவள் ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் புதிய வடம், பூ விழுந்தால் பழைய வடம் என்று பொருத்தினாள். ஒரே வடம் மீண்டும் வந்தாலும் கழற்றி மாட்டவேண்டும். ஒலியளவுக் குமிழை யாரும் தொடக்கூடாது, ஏனெனில் சற்றே உரக்க ஒலிப்பது நம் செவிக்குத் தெளிவாக ஒலிப்பதாகவே தோன்றும். அவள் வாய் திறக்கவும் கூடாது. பன்னிரண்டு முறை கேட்டு, நாங்கள் இருவரும் தனித்தனியே எழுதினோம்.

எனக்குச் சரியாக வந்தவை 7. அவனுக்கு 5. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே சராசரியாக 6 வந்துவிடும். நான்காம் முறை அது புதிய வடமே என்று சத்தியம் செய்திருப்பேன், அது பழையது. ஒரு வீட்டில், இரண்டு பேர், பன்னிரண்டு முறை செய்த சோதனை உலகத்துச் செவிகளுக்கெல்லாம் தீர்ப்பு ஆகாது. எங்கள் செவிகளுக்கு ஆயிற்று.

தம்பி மகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கடைக்குத் தொலைபேசியில் சொல்லி, இரண்டாவது வடம் வேண்டாம் என்றான். முன்பணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டே கொடுத்தார்கள். என் சொல்லால் வந்த நட்டமாயிற்றே என்று அத்தொகையை நீட்டினேன். “போங்கள் பெரியப்பா” என்று கையைத் தள்ளிவிட்டான்.

முதல் வடம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சென்ற வாரமும் போயிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டால், தம்பூரா இன்றும் எனக்குச் சற்றுத் தனியாகப் பிரிந்துதான் கேட்கிறது.