சிரிப்பு உலகின் சட்டம்



ஒரு நகைச்சுவைத் தொடரில் சென்ற வாரம் வீட்டின் கூரை இடிந்து விழுந்தது. இந்த வாரம் அதே கூரை பழுதின்றி நிற்கிறது. கட்டியவர் யார், செலவு எவ்வளவு என்று அந்த வீட்டில் எவரும் கேட்பதில்லை. இது கதையின் குற்றமா, இத்தகைய கதைகளுக்கு உரிய சலுகையா? விழுவதும் புரள்வதும் அடிபடுவதுமாக நடக்கும் தொலைக்காட்சித் தொடருக்கு, முன்னுக்குப்பின் முரணில்லாத ஓர் உள்ளுலகம் வேண்டுமா, வேண்டாவா? இன்றைய பேச்சின் பொருள் இதுவே.

வேண்டா என்பார் கூறும் காரணம் எளியது. சிரிக்க உட்கார்ந்தவன் கணக்குப் பார்க்க வரவில்லை என்பர். வேண்டும் என்பாரோ, நம்ப முடியாத உலகில் சிரிப்பும் நிலைக்காது என்பர். இரு கட்சியிலும் உண்மை உண்டு. எவ்வகை ஒழுங்கு வேண்டும், எவ்வகை இல்லாமற் போனாலும் குறைவில்லை என்று பிரித்துப் பார்ப்போம்.

இவ்வகை நகைச்சுவையை ஆங்கிலத்தில் 'ஸ்லாப்ஸ்டிக்' என்பர். அது ஒரு கோலின் பெயர். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வளர்ந்த 'கொம்மேதியா தெல்லார்தே' நாடகங்களில் கோமாளியின் கையில் இத்தகைய கோல் இருக்கும். இரண்டு மெல்லிய மரப்பட்டைகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டியது அது. ஓங்கி அறைந்தால் பட்டைகள் ஒன்றோடொன்று மோதிப் பெருஞ்சத்தம் எழும். அடிபட்டவனுக்கு நோவு மிகக் குறைவு. ஓசை பெரிது, வலி சிறிது என்னும் உடன்படிக்கை அந்தக் கோலிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே, விதியே அற்ற கலை இது என்று எண்ணுவதற்கில்லை.

அமெரிக்காவில் 1951 முதல் 1957 வரை ஒளிபரப்பான 'ஐ லவ் லூசி' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். 1952ஆம் ஆண்டில் வந்த கதை ஒன்றில், சம்பாதிப்பது கடினமா, வீட்டைக் கவனிப்பது கடினமா என்று கணவன்மாரோடு வாதிட்டு, லூசியும் அவள் தோழி எத்தெலும் மிட்டாய்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார்கள். ஓடும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளைத் தாளில் சுற்றுவது அவர்கள் பணி. ஒரே ஒரு சாக்லேட் சுற்றப்படாமல் கடந்து போனாலும் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் முன்பே எச்சரித்துவிடுகிறார். பட்டை விரைகிறது. அவர்கள் சாக்லேட்டுகளை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணித்து மறைக்கிறார்கள். மேற்பார்வையாளர் வெறும் பட்டையைக் கண்டு மகிழ்ந்து, இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறார்! அந்த எச்சரிக்கையை நீக்கிப் பாருங்கள். இரண்டு பெண்கள் நிறைய மிட்டாய் தின்றார்கள் என்பதே மிஞ்சும். வேலை போய்விடுமே என்ற அச்சம் மெய்யானது. ஆதலால்தான் வாய் நிறைந்த சாக்லேட் நகைப்பை விளைக்கிறது.

இவ்வொழுங்கை மிகக் கண்டிப்பாகக் கைக்கொண்டது 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்னும் பிரிட்டிஷ் தொடர். ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதியது. 1975இலும் 1979இலுமாக மொத்தம் 12 கதைகளே வந்தன. கடற்கரை ஊர் ஒன்றில் ஹோட்டல் நடத்தும் பேசில் என்பவன் கதாநாயகன். பட்டம் பெற்ற பிரபுவைக் கண்டால் குழைவான். சாதாரண விருந்தினர் மீது எரிந்து விழுவான். மனைவி சிபிலுக்கு நடுங்குவான். அந்த அச்சத்தையெல்லாம் மானுவேல் என்னும் பணியாளன் தலையில் அடித்துத் தீர்த்துக்கொள்வான். இந்த இயல்பு எக்கதையிலும் பிறழ்வதில்லை. ஒரு கதையில், விருந்து நாளன்று சமையற்காரன் குடித்து விழுந்துவிட, பேசில் நண்பரின் உணவகத்திலிருந்து வாத்துக் கறியைக் காரில் கொண்டுவர ஓடுகிறான். வழியில் கார் நின்றுவிடுகிறது. அவன் அதைக் குழந்தையைக் கண்டிப்பதுபோல் கண்டித்து, ஒரு மரக்கிளையை முறித்து வந்து விளாசுகிறான். பார்ப்பதற்குப் பைத்தியக்காரச் செயல். ஆயினும், அந்தக் காரைப் பழுது பார்க்கக் கொடுக்காமல் தானே சரிசெய்ய முயன்ற அவன் சிக்கனம், கதையின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிட்டது. பின்னால் விழும் அடி முன்னமே விதைக்கப்பட்டது.

ஆனால் இதே தொடரில், பல கதைகளின் தொடக்கத்தில் ஹோட்டலின் பெயர்ப்பலகை எழுத்துகள் இடம் மாறி வேறு வேறு சொற்களாய் நிற்கும். அதைக் கதையில் எவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, நாமும் கேட்பதில்லை. பலகையில் சலுகை உண்டு; பேசிலின் பயத்தில் சலுகை இல்லை.

இதற்கு நேர் எதிரான தொடரும் உண்டு. பி.பி.சி. 1982இலும் 1984இலும் ஒளிபரப்பிய 'தி யங் ஒன்ஸ்' என்பதில், நான்கு மாணவர்கள் வாழும் வீட்டின் மீது முதற்கதையின் முடிவிலேயே விமானம் வந்து மோதுகிறது. பின்னொரு கதையில், ரயிலின் சன்னலுக்கு வெளியே தலை நீட்டிய விவியன் என்பவனுக்குத் தலையே துண்டாகிறது. அவன் உடல் இறங்கிப்போய்த் தன் தலையைக் காலால் உதைக்கிறது. மறுவாரம் எல்லாம் பழையபடி. இங்கே உள்ளுலகம் எங்கே என்று கேட்கலாம். நால்வரின் குணத்தில் இருக்கிறது அது. விவியன் எதையும் உடைப்பான். ரிக் புரட்சி பேசிப் புகழுக்கு ஏங்குவான். நீல் எல்லார்க்கும் பருப்பு வேகவைத்து எல்லாரிடமும் திட்டு வாங்குவான். மைக் தன்னைத் தலைவனாக எண்ணிக்கொள்வான். சுவர்கள் நில்லாத வீட்டில் மனிதர்கள் நிற்கிறார்கள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று பேதைமை. அந்நான்கும் மனிதரைச் சார்ந்தவை. தரையில் கிடக்கும் வழுக்கும் தோலும் உடையும் நாற்காலியும் அப்பட்டியலில் இல்லை. விழுதல் தானே நகையாகாது. யார் விழுந்தான், எதற்கு அஞ்சி ஓடும்போது விழுந்தான் என்பதே நகையாகிறது.

சில தொடர்களில் ஒரே ஒரு விதி முழுக் கதையையும் தாங்குவதுண்டு. 1964 முதல் 1967 வரை அமெரிக்காவில் வந்த 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' தொடரில், ஏழு பேர் தனித்தீவில் சிக்கிக்கொள்கிறார்கள். அங்குள்ள பேராசிரியர் மூங்கிலையும் தேங்காய் ஓட்டையும் கொண்டு என்னென்னவோ செய்வார். படகின் ஓட்டையை மட்டும் அடைக்கமாட்டார்! இம்முரணைப் பார்வையாளர் அறிவர், அறிந்தே பொறுத்தனர். தீவை விட்டு எவரும் போகலாகாது என்பது அவ்வுலகின் சட்டம். 1978இல் வந்த தொலைக்காட்சித் திரைப்படம் அவர்களை மீட்டது. மீட்டு, முடிவில் மறுபடியும் அதே தீவில் கொண்டு சேர்த்தது.

எந்த முரணைப் பொறுக்கமாட்டோம்? ஒரு சிரிப்புக்காகக் கஞ்சனை ஒரு நாள் வள்ளலாக்கினால் பொறுக்கமாட்டோம். நூறு முறை மாடியிலிருந்து விழுந்து எழுந்தவன், நூற்றோராம் முறை காலொடிந்து படுக்கையில் கிடக்க, நம்மைக் கண்ணீர் விடச் சொன்னாலும் பொறுக்கமாட்டோம். முன்னையது குணத்தின் சட்டத்தை மீறுகிறது. பின்னையது அந்தப் பழைய கோலின் உடன்படிக்கையை மீறுகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. சிலேடையை மொழி கடத்துவது அரிது. விழுகிறவனைக் கடத்துவதற்கோ மொழிபெயர்ப்பாளரே வேண்டா. 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரில் மானுவேல் ஸ்பெயின் நாட்டவன். அத்தொடர் ஸ்பெயினுக்கே போனபோது அவனை இத்தாலியனாக்கினார்கள். நாடு மாறியும் கதை கெடவில்லை; எசமானின் மொழி அறியாத பணியாளன், விளக்கத் தெரியாத எசமான் என்னும் உறவு மாறவில்லை அல்லவா?

1984இல் தூர்தர்ஷனில் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி' தொடரை, வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் நினைவில் வைத்திருப்பர். அதில் சதீஷ் ஷா வாரந்தோறும் வேறொரு மனிதராக வருவார். சென்ற வாரம் வந்தவரின் முகம் அல்லவா இது என்று அந்த வீட்டார் ஒரு நாளும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அவர் முகத்தை மறக்க இசைந்தோம். அந்தக் குடும்பத்தார் அவரவராகவே இருந்ததால் இசைந்தோம்.

ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு இந்தி தெரியாது. இங்கே பிறந்த பேரனுக்குத் தமிழ்ச் சிலேடை எட்டாது. அவ்விருவரும் ஒரே நொடியில் சேர்ந்து சிரிக்க இயன்ற நிகழ்ச்சி வீட்டில் வேறு எத்தனை உண்டு? திரையில் விழுகிறவன் எதை இழக்க அஞ்சுகிறான் என்பது இருவருக்கும் விளங்கிவிட்டது. அதனால் சேர்ந்து சிரித்தார்கள். எழுதுகிறவர் கூரையை எத்தனை முறையேனும் இடிக்கட்டும். அந்த அச்சத்தை மட்டும் வாரத்துக்கு ஒன்றாக மாற்றாதிருக்கட்டும். அது மாறினால், பேரன் பாட்டிக்கு விளக்கம் சொல்லத் தொடங்குவான். விளக்கம் தொடங்கிய இடத்தில் சிரிப்பு நின்றுவிடும்.