கடல் கடந்த சிகிச்சை



மூளை முடக்குவாதமுற்ற மகளுக்கு இந்நாட்டில் தக்க பயிற்சி கிடைக்காமையால் மிது அலூர் அம்மையார் இங்கிலாந்து சென்றார். திரும்பி வந்து 1972-இல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் நிறுவினார். நம் சென்னையிலோ 1985-இல் தோன்றிய வித்யாசாகர், கோட்டூர்புரத்தில் இயங்குகிறது. ஆயினும் மயிலாப்பூர்க் குப்பத்துத் தாய்க்கு அடையாற்றைக் கடப்பதே கடல் கடப்பதுதான். போன அன்று கூலி இல்லை.

வெளிநாட்டுச் சிகிச்சைக்கு அரசு உதவுக என்பாரை நாம் குறை கூறோம். நாம் கேட்பது குப்பத்தருகே ஒரு பயிற்சி நிலையம், அன்றைய கூலிக்கு ஈடு.

இருப்பதையேனும் பெற்றோமா? தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ரூ. 1,00,000 வரை தருகிறது. இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் அதில் அடங்கும். நம் தெருக்களில் இதை அறிந்தோர் எத்தனை பேர்? மாற்றுத்திறனாளிச் சான்றே பெறாத பிள்ளைகள் உளர். விண்ணப்பம் எழுதத் தெரியாதோர் தயங்காமல் வருக. நம் சங்கத்து இளைஞர் எழுதித் தருவர்.